கல்லொட்டி மீனும் நான் சொன்ன பொய்யும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்களின் பெயர்களை உனக்குப் போனில் வாசித்துக்கொண்டு வந்தேன். தேவதானம் மாரி என்று நான் சொன்னதும் நீ இடைமறித்தாய். "அந்தத் துரோகிக்கு எதுக்குப்பா பத்திரிகை? எம்பேரைச் சொல்லிக் காட்டிக் கொடுத்தவன்" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்து கவரின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்த உன் அம்மா, "அவன் சொல்றதும் சரிதான, விடுங்க" என்றாள். நான் விட்டுவிட்டேன். எட்டு வருஷமாக விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் இதை எழுதி உன் கையில் சேர்த்துவிட வேண்டும். நேரில் சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். நேரில் சொன்னால் உன் முகம் மாறும், முகம் மாறியதும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் என்னவெல்லாம் செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நீ இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் நீயும் மாரியும் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ராஜபாளையத்திலிருந்து தேவதானம் போய், அங்கிருந்து மேற்கே மலையடிவாரத்து ஆற்றில் இறங்கிப் பிடித்த மீன்கள். விரல் நீளத்தில் ஐந்து. பாறை நிறம், தட்டையான வயிறு, வாய் முகத்துக்கு முன்னால் இல்லாமல் அடியில் இருந்தது. "இது குழம்புக்குக்கூடப் பத்தாதேலே" என்று நான் கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டாய். அது நேராகப் போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வயிற்றை நமக்குக் காட்டியது. "கல்லொட்டிப்பா. வெள்ளம் வந்தாலும் பாறைய விடாது. அதுமேல படிஞ்ச பாசியத்தான் திங்கும்" என்று மாரி சொன்னான். அவன் உன்னைவிட ஒரு வயது மூத்தவன், பள்ளிக்கூடத்தில் உனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவன். அப்போது போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தான். தினமும் விடிந்ததும் கண்மாய்க் கரையில் ஓடுவான். அவனுக்கு அப்பா இல்லை. என்னைத்தான் அப்பா என்று கூப்பிடுவான்.

நான் ஆர்வக்கோளாறில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள வண்ணமீன் கடையில் கேட்டு, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று அவர்கள் கொடுத்த கறுப்புச் சக்கர் மீன் ஒன்றை வாங்கி வந்தேன். நீ அதைத் தொட்டிக்குள் விடவே சம்மதிக்கவில்லை. "அப்பா, இது எந்த நாட்டு மீனோ. வளந்து ஒரு அடிக்கு மேல வரும். பொறவு வச்சுக்க முடியாம ஜனங்க கண்மாயில கொண்டு விட்டுருதாங்க. அது மீன்காரங்க வலையக் கிழிக்கி, மத்த மீனு முட்டையத் திங்கி. நம்ம ஊரு ஆத்துலயே நம்ம மீனு இருக்கும்போது இது எதுக்கு?" என்று சண்டை பிடித்தாய். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போய் நான் அசடு வழிந்தேன். ஆனால் எனக்குள் பெருமையாக இருந்தது. பையனுக்கு ஒரு விஷயம் முழுசாகத் தெரிந்திருக்கிறதே என்று.

கல்லொட்டிக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும், நின்ற தண்ணீரில் மூச்சுத் திணறி மேலே வந்துவிடும் என்றாய். முப்பத்தைந்து வருஷம் மில்லில் மெயிண்டனன்ஸ் பார்த்தவன் நான். தண்ணீரை ஓட வைப்பதா பெரிய வேலை? ஏர்கூலர் மோட்டார் இரண்டை வாங்கி, பிவிசி பைப்பில் வரிசையாகத் துளை போட்டு, ஐந்தடித் தொட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் தண்ணீர் பாயும்படி செய்துகொடுத்தேன். முனிசிபல் தண்ணீரில் மருந்து இருக்கும் என்று இரண்டு நாள் டிரம்மில் பிடித்து வைத்துத்தான் ஊற்றுவாய். மீனுக்குப் பாசி வேண்டுமே, அதற்காக மொட்டைமாடியில் எட்டு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் கற்களைப் போட்டு வெயிலில் வைத்தாய். நாலு நாளைக்கு ஒருமுறை பச்சை பிடித்த கல்லைத் தொட்டிக்கும், மீன் மேய்ந்து வெளுத்த கல்லை மாடிக்கும் மாற்றுவாய். "வத்தல் காயப்போட எடமில்ல. கல்லுக்கு வெயில் காட்டுதானாம் கல்லுக்கு" என்று உன் அம்மா பொருமுவாள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் நம் மின்விசிறியை நிறுத்திவிட்டு மீனின் மோட்டாரை ஓடவிடுவாய். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாம் மூன்று பேரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த ஒன்றிரண்டு மாதம் நானும் நீயும் பேசிக்கொண்ட அளவுக்கு அதற்கு முன்னாலும் பேசியதில்லை, பிறகும் பேசவில்லை. என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அவைதான்.

அதை நானேதான் கெடுத்தேன். உனக்கு மூன்று பேப்பர் அரியர் என்று ரிசல்ட் வந்தது. நீ அதை மறைத்தாய், எனக்கு வேறு ஆள் மூலம் தெரிந்தது. மில்லில் என்னோடு வேலை பார்த்தவர், தன் மகனுக்கு வேலை கிடைத்த இனிப்பை நீட்டிக்கொண்டே, "உங்க மகனுக்கு மூணு நின்னுபோச்சாமே" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தேன். நீ தொட்டியின் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டு மீன் பாசி சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதே உன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்லே, படிப்பு புடிக்கலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நம் ஊர் அப்பன்மார் செய்வதைச் செய்தேன். நமக்குப் பிள்ளையிடம் பேச வராது. சோறு தின்னாவிட்டால் போலீஸ்காரரைக் காட்டுவோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்" என்று வாத்தியாரிடம் ஒப்படைப்போம். பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகு தெரிந்த காக்கிச் சட்டைக்காரர் யாரையாவது பிடித்து, "ஒரு மிரட்டு மிரட்டி விடுங்க" என்போம். என் அப்பாவும் எனக்கு அதைத்தான் செய்தார். அது எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது என்பது நினைவிருந்தும் நான் செய்தேன்.

மில்லில் தற்காலிகமாக என் கீழ் வேலை பார்த்த ஒருவர் அப்போது வனத்துறையில் வாட்சராக இருந்தார். ஒரு மின்வெட்டில் உன் மீனில் இரண்டு செத்திருந்தன. இன்னும் இரண்டு பிடிக்க சனிக்கிழமை போவதென்று நீயும் மாரியும் போனில் பேசியது என் காதில் விழுந்தது. சேத்தூர் டீக்கடையில் வாட்சரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். "அண்ணாச்சி, அது காப்புக்காடு. உள்ள போறதே தப்பு, மீனு புடிச்சா கேசு" என்றார். "கேசெல்லாம் வேண்டாம்ப்பா. சும்மா ஒரு மிரட்டு மிரட்டி, வலையப் புடுங்கிட்டு அனுப்பி விடு. இனிமே அவன் மலைப் பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாது" என்றேன். அவர் தயங்கினார். என் பழைய உரிமையைச் சொல்லித் தலையாட்ட வைத்தேன். உங்கள் இருவரையும் மிரட்டுவார், நீ பயந்து வீட்டுக்கு வருவாய், மீன் பைத்தியம் தெளியும், படிப்பாய். அவ்வளவுதான் என் கணக்கு. மாரியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவன் போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறான், உடல் தகுதியெல்லாம் தேறிவிட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கே கூசுகிறது.

அந்தச் சனிக்கிழமை, உன் அம்மா உன்னை வலுக்கட்டாயமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அவள் அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நானும் வந்தேன். சரி, யாரும் ஆற்றுக்குப் போக மாட்டார்கள், மிரட்டல் இன்னொரு நாளைக்கு என்று நினைத்துக்கொண்டேன். நீ வரவில்லை என்றதும் மாரி, "நீ போயிட்டு வாலே, நான் புடிச்சாறேன்" என்று தனியாகப் போனது எனக்குத் தெரியாது. மத்தியானம் மண்டபத்துப் படியில் நின்றுகொண்டிருந்தபோது வாட்சர் போன் செய்தார். "அண்ணாச்சி, உங்க பையன் வரல. வேற ஒருத்தன் வந்தான். ரேஞ்சரும் ரவுண்ட்ஸ் வந்துட்டாரு. அவரு கண்ணு முன்னால நான் என்ன செய்ய? எழுதிட்டாரு" என்றார். அந்த அதிகாரி மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் தன் வேலையைச் செய்தார். நான் அப்போதே ஓடியிருக்க வேண்டும். ரேஞ்சர் முன்னால் போய் நின்று, 'இது என் மகனுக்காகப் பிடித்த மீன், இவன் மாட்டிக்கொள்ளக் காரணம் நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உன் பெயரும் கேசில் ஏறும். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். நீதான் எனக்குச் சாம்பார் ஊற்றினாய். பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது உன்னிடம் சொன்னேன்: "மாரி காட்டுல மாட்டிக்கிட்டானாம். மீனு உனக்குத்தான்னு உம்பேரையும் சொல்லிட்டானாம். எனக்குத் தெரிஞ்ச ஆளு மூலமா உம்பேரை எடுக்கச் சொல்லியிருக்கேன். நீ அவன்கூடப் பேச்சே வச்சிக்காத, மறுபடி சேத்துருவாங்க." இதில் அவன் மாட்டிக்கொண்டது ஒன்றுதான் உண்மை. அவன் உன் பெயரைச் சொல்லவே இல்லை. யாருக்கு மீன் என்று ரேஞ்சர் கேட்டபோது, 'எனக்குத்தான்' என்று சொல்லியிருக்கிறான். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கிருஷ்ணன்கோயில் பக்கத்திலிருந்து வந்த உன் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் உன்னைக் கூப்பிட்டும் நீ நிமிரவில்லை. ராஜபாளையம் வந்தது. இறங்கும்போது, "நல்லவேளைப்பா" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் என் பொய் பிழைத்துக்கொண்டது.

அடுத்த வாரமே தொட்டியைக் காலி செய்யச் சொன்னாய். மிச்சமிருந்த மூன்று மீனையும் ஆற்றிலேயே விட்டுவிடுங்கள் என்று வாளியில் போட்டுக் கொடுத்தாய். விட்டுவிட்டேன் என்று வந்து சொன்னேன். அதுவும் பொய். அந்த ஆற்றுப் பக்கம் போக எனக்குப் பயம். மில்லுக்குப் பின்னால் இருக்கிற கண்மாயில் கவிழ்த்தேன். நின்ற தண்ணீரில் அவை பிழைக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். வாளியைக் கவிழ்த்ததும் மூன்றும் கரையோரக் கல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டன. நான் அங்கே நிற்காமல் வந்துவிட்டேன்.

நீ அரியரையெல்லாம் முடித்தாய். சென்னையில் வேலைக்குப் போனாய். சொந்தக்காரர்கள் என்னைப் பாராட்டினார்கள். "பையனைக் கண்டிச்சு வளத்திருக்கீக" என்றார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். மாரிக்குப் போலீஸ் வேலை வரவில்லை. விசாரணையில் அந்தக் கேஸ் தெரிந்து, அவன் பெயரை நீக்கிவிட்டார்கள். மறுவருஷமும் எழுதினான், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. இதை உன் அம்மா ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "பாவம்தான். ஆனா நம்ம புள்ளையக் காட்டிக் கொடுத்தவன்ல" என்று முடித்தாள். அவளிடமும் நான் வாய் திறக்கவில்லை. இந்தக் கடிதத்தை இன்று அவளிடம் படிக்கக் கொடுத்த பிறகுதான் தபாலில் சேர்க்கிறேன்.

நீ துரோகி என்று சொன்ன மறுநாள், உனக்குச் சொல்லாமல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தேவதானம் போனேன். மாரி இப்போது சொந்தமாக மினி வேன் ஓட்டுகிறான். தோப்பில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தான். உடம்பு பெருத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், "வாங்கப்பா" என்றான். அந்த அப்பா என்ற சொல்லைக் கேட்டதும், ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. அப்படியே போட்டு உடைத்தேன். "மாரி, வாட்சர்கிட்ட அன்னைக்குச் சொல்லி வச்சது நான்தான்யா."

அவன் தேங்காயைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்ப்பா" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"வாட்சரு அண்ணன் அன்னைக்கே வாய விட்டுட்டாரு. ரேஞ்சரு அந்தப் பக்கம் எழுதிக்கிட்டு இருக்கும்போது எங்கிட்ட வந்து, 'நீ எதுக்குலே வந்த, அவன் அப்பா அவனையில்லாலே மிரட்டச் சொன்னாரு'ன்னு தலையில அடிச்சிக்கிட்டாரு."

"அப்பொறம் ஏன்யா நீ அவன்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் போன் அடிச்சேன். மூணு நாளு அடிச்சேன். எடுக்கல. சரின்னு வீட்டுக்கு வந்தேன். நீங்கதான் வாசல்ல நின்னு, அவன் ஊர்ல இல்லன்னு சொன்னிய. மாடியில பக்கெட்டுக்குள்ள கல்லப் புரட்டுத சத்தம் கேட்டுச்சு. செத்த நேரம் நின்னு பாத்தேன். சத்தம் நின்னுபோச்சு. யாரும் எட்டிப் பாக்கல. பொறவு எனக்கு யாருகிட்டயும் சொல்லத் தோணல."

தம்பி, அவன் வந்தது உண்மை. நான் வாசலில் நின்று பொய் சொன்னதும் உண்மை. மாடியில் இருந்தது நீதான் என்பதும் எனக்குத் தெரியும். கீழே கேட்டது மாரியின் குரல் என்று உனக்குத் தெரிந்ததா, தெரிந்துதான் கல்லைப் புரட்டுவதை நிறுத்தினாயா என்று நான் கேட்கப் போவதில்லை. அதற்குப் பதில் உன்னிடமே இருக்கட்டும். குற்றம் என்னுடையது. அதை உன் தலையில் கட்டவில்லை. ஆனால் என் பொய் எட்டு வருஷம் ஓடியதற்கு நான் மட்டும் காரணமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து உன்னோடு சுற்றியவன். அவன் பக்கத்தை ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. நான் சொன்னது உனக்கு வசதியாக இருந்தது. பயந்து ஒதுங்கிய பையனாக இருப்பதைவிட, காட்டிக் கொடுக்கப்பட்ட பையனாக இருப்பது சுலபம். இப்படி எழுதுவது உனக்குக் கசக்கும் என்று தெரிகிறது. எனக்கும் கசக்கிறது.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். உன் மனைவியிடம் உனக்குக் குறை இருந்தால் அவளிடமே சொல். அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "கொஞ்சம் சொல்லி வைங்க மாமா" என்று ஆரம்பிக்காதே. உன் அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லாதே. நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது உனக்குப் புரியாத ஏதோ ஒன்றின் முன்னால் குப்புறப் படுத்துக் கிடந்தால், நீயும் பக்கத்தில் படுத்துக்கொண்டு என்ன அது என்று கேள். எரிச்சலாக இருந்தால் நீயே கத்து. இன்னொருவன் வாயை இரவல் வாங்காதே. நான் உன்னை ஓர் அடி அடித்திருந்தால்கூட, ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். மிரட்டலை வேறொருவன் கையில் கொடுத்தேன். அது யார் மேல் போய் விழும் என்பது பிறகு என் கையில் இல்லை.

மாரி கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பத்திரிகையை வாங்கினான். பெண்ணின் பெயரை வாய்விட்டுப் படித்தான். "நல்லாருக்கட்டும்" என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வருவாயா என்று கேட்டேன். "நீங்க கூப்பிட்டு வாரதுக்கு நான் என்ன உங்க கூட்டாளியா? அவன் கூப்பிடட்டும். நம்பரு பழைய நம்பருதான்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தான். எட்டு வருஷத்தில் எத்தனையோ போன் மாற்றியிருப்பான். நம்பரை ஏன் மாற்றவில்லை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. கோபத்தில்கூடச் செய்யாதே. நீ கத்துவாய், நான் அழுவேன், உன் அம்மா போனைப் பிடுங்கி இருவரையும் சமாதானம் செய்வாள், கல்யாண வேலை அது பாட்டுக்கு நடக்கும், மாரி வாசலிலேயே நிற்பான். நம் வீட்டில் எல்லாம் அப்படித்தான் முடியும். மேடையில் உன் பக்கத்தில் நான் நிற்கலாமா கூடாதா என்பதை அவனிடம் பேசிவிட்டு முடிவு செய். நிற்க வேண்டாம் என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். யார் கேட்டாலும் காரணத்தை நானே சொல்கிறேன், இந்தத் தடவை உண்மையை.

முதலில் அவனுக்குப் போன் செய். அவன் எடுக்காமல் இருக்கலாம். அவனுக்கு எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மணி அடித்து அடித்து நிற்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று பார், பிறகு மறுபடியும் அடி.

அப்பா